சாய்ந்த எழுத்தில் ஒரு தடை

"இன்னாம்மா இது, ஈபி டேஞ்சர் போர்டு மாதிரி கீது. கெஸ்டுங்க பயந்துடுவாங்க" என்று என் டிசைனைத் தள்ளிவிட்டார் ராஜாராம்.

திருவிடந்தைப் பக்கம் புது ரிசார்ட் கட்டியிருக்கும் முதலாளி அவர். நான் போர்டு டிசைன் செய்பவள்.

ரிசார்ட்டை ஒட்டி ஒரு மண்பாதை கடலோரக் காலனிக்குப் போகிறது. அதை விட்டால் சனங்கள் சவுக்குத் தோப்பைச் சுற்றி அரை ஊர் நடக்க வேண்டும். அந்தப் பாதையைத்தான் அடைக்கப் பார்க்கிறார். முகப்பில் போர்டு வைத்துவிட்டால், மீறி வருகிறவர்களைப் போலீஸில் கொடுக்கலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறாராம்.

தடித்த சிவப்புத் தமிழில் எழுதியிருந்தேன். 'தனியார் பாதை. நுழையக் கூடாது.' ரோட்டிலிருந்தே படிக்கலாம்.

அவர் போனை நீட்டினார். ஏதோ நட்சத்திர ஓட்டலின் மெனு கார்டு. இங்கிலீஷில் சாய்ந்த எழுத்து.

அழகான எழுத்துதான். வலப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். இறங்கும் கோடு புடைத்து, ஏறும் கோடு தலைமுடியாய் மெலியும். அடியில் குட்டிப் பாதம், வாலில் ஒரு சுழி. கல்யாணப் பத்திரிகையில் பெண் மாப்பிள்ளை பெயருக்கும் சென்ட் பாட்டிலுக்கும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. கையில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கான எழுத்து அது. எட்ட நிற்கிறவனிடம் அதற்குப் பேசத் தெரியாது.

அதை வைத்துச் சனங்களை விரட்டப் போகிறாராம். அதுவும் இங்கிலீஷில். தமிழ் போட்டால் லுக் போய்விடுமாம். க்ரீம் கலர் பலகையில் தங்க எழுத்து வேண்டுமாம். ஆளை அடித்து விரட்டினாலும் இவர் அத்தர் பூசிக்கொண்டுதான் விரட்டுவார்.

தூரத்தில் தெரியாது சார் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவரோ கம்ப்யூட்டரில் மூக்குக்கு நேராகப் பெரிதாக்கிப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். மெலிந்த கோட்டை இன்னும் கொஞ்சம் மெலிய வைத்தேன். அதையும் ரசித்தார்.

போர்டு நட்ட அன்று சாயங்காலம், மேற்கு வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் வெறும் பலகை. இன்னும் விளம்பரம் எழுதவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, காலனி சனங்கள் சைக்கிளைத் தள்ளியபடி உள்ளே போனார்கள்.

கடல் பார்க்கக் கிளம்பி வந்த ராஜாராமின் கெஸ்ட்கள் இருவர் மட்டும் கிட்டே போய்க் குனிந்து படித்தார்கள். முகம் சுருங்க, வந்த வழியே திரும்பினார்கள்.

அவர்கள் விலகட்டும் என்று கூடையோடு நின்றிருந்த காலனிச் சந்திரம்மா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டாள்.

நான் எந்த ஊர் என்று ராஜாராம் ஒருநாளும் கேட்டதில்லை.

"அது அவங்களுக்குத்தாம்மா. நீ நட, வூட்டுக்குப் போலாம்."