கட்டில் சீட்டில் இருந்த சொல்

சாக்பீஸைக் கீழே வைக்கும்படி டாக்டர் துரை சொன்னார். குணசுந்தரி வைக்கவில்லை.

சுரங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகும் ஆறு பெண்களுக்கு வியாதிப் பெயர்கள் சொல்லித்தரும் வகுப்பு அது. முன்பெல்லாம் துரை எழுதுவார், இவர்கள் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பார்கள். அர்த்தம் கேட்டால் முறைப்பார்.

கம்பவுண்டர் சௌந்தரராஜன் வந்தார், எல்லாம் தலைகீழ். அவர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கிரேக்கமோ லத்தீனோ, எந்த வேர்ச்சொல் வேண்டுமென்று நீங்களே கேளுங்கள், கற்றவள் பலகைக்குப் போய் மற்றவர்களுக்குச் சொல்லட்டும் என்றார். குணசுந்தரி முதலில் கேட்டது தூசிக்கு. சுரங்கத்து மில்லில் தாதுக்கல் உடைக்கிறவள் பெற்ற பெண் வேறென்ன கேட்பாள்?

கூலிக்காரி மகள் பாடம் எடுக்க, வாத்தியார் கைகட்டி உட்காருவதா? துரைக்குப் பொறுக்கவில்லை. வார்டில் கைக்கு அகப்பட்ட கட்டில் சீட்டை உருவி வந்து நீட்டினார். அதிலிருக்கும் வியாதியைப் பிரித்துச் சொன்னால் வகுப்பு இருக்கும். இல்லாவிட்டால் இன்றோடு மூடல்.

முழ நீளச் சொல். முழுதாக யாரும் சொல்லித்தராதது; வேர்கள் மட்டும் அவள் கேட்டுக் கற்றவை. அவள் அதைப் பலகையில் எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டாள். முன்பாதி நுரையீரல், பின்பாதி தூசி என்றாள்.

துரையின் முகம் சுண்டிப்போனது. வகுப்பு இருக்கட்டும், ஆனால் இந்த அர்த்தம் வார்டுக்குப் போனால் உன் வேலை போய்விடும் என்றார்.

சீட்டு தசரதனுடையது. பூமிக்கடியில் பன்னிரண்டு வருஷம் பாறையில் துளை போட்ட மனுஷன். மூச்சு வாங்குவது சாராயத்தால் என்று அவனிடம் சொன்னவர் இதே துரைதான். தூசியால் என்றால் கம்பெனி நஷ்டஈடு கொடுக்கவேண்டி வருமே! சீட்டில் மட்டும் உண்மையை எழுதியிருந்தார். யாருக்குப் புரியப்போகிறது! மோந்தும் பார்த்ததில்லை என்று தசரதன் சத்தியம் பண்ணியும் மனைவி மங்கம்மா நம்பவில்லை. துரை பொய் சொல்வாரா?

வேலைதானே, போனால் போகட்டும். குணசுந்தரி நேரே வார்டுக்கு நடந்தாள். புருஷன் கட்டிலருகே உட்கார்ந்திருந்த மங்கம்மாவின் கையில் சீட்டைக் கொடுத்து, எழுத்து எழுத்தாக விரலால் காட்டி, வாசலில் நின்ற துரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“சாராயம் இல்லக்கா. உம் புருசன் நெஞ்சுல கீறது சுரங்கத்துத் தூசி. இதுல அப்பிடித்தான் எழுதிக்கீது.”

மங்கம்மா புருஷனின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

எதிர்க் கட்டிலில் முனியப்பன். கைநாட்டுப் பேர்வழி. அவன் தன் சீட்டைக் கழற்றி, இருமிக்கொண்டே எழுந்து வந்து, தசரதன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து, கடைசி எழுத்துவரை ஒத்துப்பார்த்தான்.

“என்னுதுலயும் அதேதாம்மா எழுதிக்கீது.”