வடிகட்டி அடைத்த குரல்

பேருந்தும் சுவரும் மின்கம்பமும் விளம்பரம் பேசியதால் மதுரையில் எல்லோரும் காதில் வடிகட்டி மாட்டியிருந்தார்கள். ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்தால் வடிகட்டி அந்தக் குரலை அடைத்துவிடும்.

சண்டை என்றால் கணவன் இருதயராஜ் வாயே திறப்பதில்லை என்ற ஆத்திரத்தில், அமலி அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் பெட்டியோடு ஆட்டோவில் ஏறினாள். ஹாரன் கேட்பதற்காக வடிகட்டியைக் கழற்றியிருந்த ஓட்டுநர் திரும்பினார்.

“சார் வாசல்ல நின்னு திக்கித் திக்கிப் பேசுறாரும்மா. காதுல விழலையா?”

அமலி இறங்கினாள். திரும்ப வரும் ஒலியை அடைக்கும் விதியையே நீக்கும்படி வடிகட்டியிடம் சொன்னாள்.

“எல்லா விளம்பரமும் கேட்கும்” என்று வடிகட்டி எச்சரித்தது.

“கேக்கட்டும். எடு.”

தெரு முழுக்கச் சோப்பும் சேமியாவும் கத்தின. நடுவே கணவனின் குரல் வந்தது.

“போ... போ... போ...”

“முழுசாச் சொல்லுங்க. நிக்கிறேன்.”

“போகாத, அமலி.”