பதினெட்டாம் நாள் மிளகுக் குழம்பு

"உப்பு சரியா இருக்கான்னு பாரு, லோஷினி."

நாத்தனார் புஷ்பவள்ளி நீட்டிய கரண்டியில் மிளகுக் குழம்பு ஆவி பறந்தது.

"சரியா இருக்கு அண்ணி," என்றாள் லோஷினி, ருசி பார்க்காமலே. ஒரு கை ஸ்பிரிங் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் பால் புட்டி.

தொட்டிலுக்குள் தேன்மொழி. பிறந்து பதினெட்டு நாள். ஐந்தாம் நாள் தத்தெடுத்து, உலு திராம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முதல் வாரம் வீட்டையே இரண்டாக்கினாள். இப்போது லோஷினியின் குரல் கேட்டாலே தலையைத் திருப்புகிறாள். கணவன் திருச்செல்வத்தின் நெஞ்சில் போட்டால் அடுத்த நிமிடம் தூங்கிவிடுகிறாள்.

"கை பழகிடுச்சே உனக்கு! கண்ண மூடிக்கிட்டே பால் கலக்குற," என்று புஷ்பவள்ளி சிரித்தார். சிகாமட்டில் பள்ளிக் கேன்டீன் நடத்துபவர். பள்ளி விடுமுறை என்பதால் பெட்டியும் அம்மிக்கல்லுமாக வந்து இறங்கியிருந்தார்.

குழந்தை விஷயத்தில் லோஷினிக்கு எந்தப் பயமும் இல்லை. பயமெல்லாம் அந்த அடுப்பைப் பார்த்துத்தான்.

வந்த நாளிலிருந்து பத்தியச் சமையல். காய மருந்து இடித்து உருண்டை. நாட்டுக்கோழி. மிளகு, இஞ்சி, மஞ்சள். வரிசை வீடுகளில் வாசம் எங்கே நிற்கும்? தெரு முழுக்க மணந்தது. பிள்ளை பெற்ற வீட்டு வாசம்.

'நான் பெத்த மாதிரி ஊருக்குக் காட்டப் பாக்குறாங்க' என்று லோஷினிக்குத் தோன்றியது. இந்தப் பிள்ளையைப் பொய்யில் வளர்க்கக் கூடாது என்று, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அவளும் கணவனும் பேசி முடிவெடுத்திருந்தார்கள். தத்துப் பிள்ளை என்பதை மகளுக்கும் சொல்ல வேண்டும், ஊருக்கும் சொல்ல வேண்டும்.

கேட் கிறீச்சிட்டது. பக்கத்து வீட்டு வினிஃப்ரெட் ஆன்ட்டி.

"அலமாக், என்னா வாசம்!" உள்ளே வரும்போதே மூக்கை உறிஞ்சினார். "ஏம்மா லோஷினி, வயிறே தெரியலியே உனக்கு! போன மாசம்கூட ஸூம்பா கிளாஸ்ல என் பக்கத்துலதானே குதிச்ச?"

லோஷினிக்கு முகம் சிவந்தது. புஷ்பவள்ளி முந்திக்கொண்டார்.

"பிள்ளை வந்த வீடு சிஸ்டர். பத்தியம் இல்லாம எப்படி லா?"

"அது சரி, சுறா புட்டு எங்க? எங்க மக ஆட்ரி பெத்தப்ப நான் தினமும் அவிச்சேன்."

"சுறா கூடவே கூடாது. பால் ஊறிடும்."

லோஷினிக்குச் சுருக்கென்றது. கையிலிருந்த புட்டியைப் பார்த்தாள். சொல்லிக்காட்டுகிறாரா?

"பால் ஊறுனா நல்லதுதானே?" வினிஃப்ரெட் விழித்தார்.

புஷ்பவள்ளி குழம்பைக் கிண்டினார்.

லோஷினி எழுந்தாள். இனிமேல் தாங்காது.

"ஆன்ட்டி, எனக்குப் பால் வராது. நான் பெறல. தேன்மொழியத் தத்து எடுத்திருக்கோம்."

கரண்டிச் சத்தம் நின்றது. வினிஃப்ரெட் தொட்டிலை எட்டிப் பார்த்தார். தேன்மொழி கொட்டாவி விட்டாள்.

"அதான் ஸூம்பா!" என்று வினிஃப்ரெட் கையைத் தட்டினார். "ரெண்டு வாரமா மண்டைய உடைச்சிக்கிட்டிருந்தேன்மா. நல்லா இருக்கட்டும், ஆண்டவர் கொடுத்த பிள்ளை. பழைய துணியெல்லாம் நெறைய வச்சிருக்கேன், எடுத்துட்டு வரேன்."

அவர் போனதும் லோஷினி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"சொல்லிட்டேன் அண்ணி. நாளைக்கு வேற யாரு கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன்."

"சொல்லு. யாரு வேணாங்கிறா?"

"உங்களுக்குக் கோவம் இல்லையா?"

"எதுக்குக் கோவம்? பிள்ளையத் திருடியா கொண்டாந்தோம்? இத்தன நாளு நீ ஏன் சொல்லாம இருந்தேன்னுதான் நான் யோசிச்சேன்."

லோஷினி அடுப்பைக் காட்டினாள்.

"அப்ப அடுப்ப அணைங்க."

"அணைக்க முடியாது. முப்பது நாளு முடியணும். இன்னும் பன்னெண்டு நாளு இருக்கு."

கூடத்தில் திருச்செல்வம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். கோத்தா திங்கி செம்பனை எண்ணெய் ஆலையில் பகல் இரண்டு மணி ஷிஃப்டு. மனைவி முகத்தையும் அக்கா முகத்தையும் பார்த்துவிட்டு, போட்ட பொத்தானையே கழற்றி மறுபடி போட்டான்.

"நீங்களாவது சொல்லுங்க!" என்று லோஷினி அவன் பக்கம் திரும்பினாள்.

"அக்காவே சொல்லட்டுமே," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "சொன்னா நீ பயந்துக்குவேன்னு நான்தான் வாய மூடச் சொன்னேன்."

"என்னா பயம்? அண்ணி, நான் பெறலன்னு உங்களுக்கும் தெரியும், இப்போ தெருவுக்கும் தெரியும். பெறாதவளுக்கு எதுக்கு இந்தப் பத்தியம்?"

புஷ்பவள்ளி அடுக்குப் பாத்திரத்தில் குழம்பை ஊற்றி, மருந்து உருண்டையை மேல் தட்டில் வைத்து, இறுக்கி மூடித் தம்பியின் கையில் கொடுத்தார்.

"உனக்குன்னு நான் எப்பம்மா சொன்னேன்? இவளப் பெத்து உன் கையில கொடுத்துட்டு, அந்தப் பொண்ணு கோத்தா திங்கியில ஒரு வாடகை ரூமுல தனியாப் படுத்திருக்கு. பால் ஊறுனாலும் குடிக்கப் பிள்ளை பக்கத்துல இல்ல. அதுவும் பச்ச உடம்புதானே லோஷினி, அதுக்கு யாரு ஆக்கிப்போடுவா?"