மூணு வளையம்

"மூணே மூணு பிளாஸ்டிக் வளையம் சார்! அதுக்குப் போய் ஒரு வீட்டையே ஃபெயில் பண்ணுவாங்களா?"

மின்னல் கத்தியது மின்சார இன்ஸ்பெக்டரிடம். மின்னல் என்பது எலக்ட்ரீஷியனுக்குச் சக தொழிலாளிகள் வைத்த பட்டப்பெயர். மற்றவர்கள் பத்து நாள் இழுக்கிற வயரிங்கை நாலே நாளில் முடித்துவிடுவார். முடித்த கையோடு, ஸ்விட்ச் பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரால் வளைத்து நெளித்து ஒரு மின்னல் கோடு போடுவார். அதுதான் அவர் கையெழுத்து.

இன்ஸ்பெக்டருக்கும் பட்டப்பெயர் உண்டு. வளையம். முதுகுக்குப் பின்னால் மட்டும்.

"இரும்புப் பைப் பெட்டிக்குள்ள வந்து முடியற இடத்துல, வெட்டின விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். வளையம் மாட்டலைன்னா ஒயர் உரசி உரசித் தோல் போயிடும்," என்றார் இன்ஸ்பெக்டர், நூறாவது தடவையாக.

"இருபது வருஷ சர்வீஸ் சார். இன்னிவரைக்கும் ஒரு புகார் வந்ததில்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட!"

இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல வந்தார். அப்புறம் விழுங்கிக்கொண்டு கிளம்பிப் போனார்.

பில்டர் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு மத்தியானம் சாவி கொடுக்கறதா வாக்கு கொடுத்திருக்கேன். அதுக்குள்ள பாஸ் ஆகலைன்னா, அடுத்த பிளாக்குக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அடுத்த பிளாக் என்றால் பன்னிரண்டு வீடு. மின்னல் கடைக்கு ஓடினார்.

"அந்த சைஸ் வளையம் வாரக் கடைசியிலதான் வரும்," என்றார் கடைக்காரர். "நீங்களே வாங்கறதில்ல, நான் வாங்கி வெச்சு மாலையா கோத்துப் போட்டுக்கவா?"

இன்னும் நாலு கடை அலைந்து, வெறும் கையோடு படி இறங்கும்போது போன் வந்தது. யாரோ ஒரு பெண்மணி.

"எங்க வீட்டுச் சமையலறை ஸ்விட்ச் பெட்டியில ஷாக் அடிக்குதுங்க. கொஞ்சம் வர முடியுமா? உங்களைத்தான் கூப்பிடணும்னு சொன்னாங்க."

கடைசி வார்த்தையில் மின்னலுக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது. போனார்.

வாசல் ஆணியில் ஒரு மஞ்சள் ஹெல்மெட். பார்த்த ஹெல்மெட். கூடத்துச் சுவரில் குடும்பப் படம். மனைவி, மகள், நடுவில் சிரித்துக்கொண்டு... வளையம்!

மின்னலுக்குச் சிறகு முளைத்தது.

"முந்தாநாள் பொண்ணு கை வெச்சுட்டு வீல்னு அலறிட்டா," என்றார் அந்த வீட்டம்மா. "நல்லவேளை, உதறினதோட போச்சு. அப்பவே அந்த லைனை அணைச்சுட்டோம். ரெண்டு நாளா சமையலறையில டார்ச்தான்."

மின்னல் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். எட்டிப் பார்த்தார். இரும்புப் பைப் வந்து முடிகிற இடம் மொட்டையாக இருந்தது. வளையம் கிடையாது! விளிம்பில் உரசிய ஒயர் தோல் கிழிந்து, உள்ளே செம்புக் கம்பி பல்லிளித்தது.

வளையம் வளையம் என்று ஊரையே வாட்டுகிற மனுஷன் வீட்டில் வளையம் இல்லை. மின்னல் சத்தமில்லாமல் போனை எடுத்துப் படம் பிடித்தார். எலக்ட்ரீஷியன்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். 'வளையத்தின் வீட்டு லட்சணம் பாரீர்!'

சிரிப்புப் பொம்மைகள் கொட்டின. மின்னல் விசிலடித்துக்கொண்டே கிழிந்த ஒயரை உருவிவிட்டுப் புதிதாக இழுத்தார்.

"எந்த மகானுபாவன் மேடம் இந்த வேலையைப் பண்ணினது? கையில கிடைச்சா நாலு வார்த்தை கேக்கலாம்."

"நாங்க வாங்கறதுக்கு முன்னாடியே பண்ணின வயரிங்," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

போன் மறுபடி கூவியது. இந்த முறை பொம்மை இல்லை, எழுத்து. 'அண்ணே, போட்டோவுல ஓரமா ஒரு மூடி சாய்ஞ்சு நிக்குதே. அதுல இருக்கிறது உங்க மின்னல்தானே?'

மின்னல் திரும்பினார். சுவரில் சாய்ந்திருந்த மூடியின் உள்பக்கம், மங்கிப்போன மார்க்கரில், வளைத்து நெளித்து ஒரு கோடு.

இன்ஸ்பெக்டர் மகள் அலறிய அலறல் இப்போதுதான் அவர் காதில் விழுந்த மாதிரி இருந்தது. அவமானத்தில் காது மடல் சுட்டது. குரூப்பிலிருந்து படத்தை அழித்தார். அழித்து என்ன, பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் பார்த்தாயிற்று.

"மேடம்... சாருக்கு இது தெரியுமா?"

"அன்னிக்கே மூடியைக் கழட்டிப் பார்த்தாரே. ஆபீசுக்கு எழுதுங்கன்னு நான்தான் குதிச்சேன். எழுதினா லைசென்ஸ் போயிடும், அவரும் பிள்ளைகுட்டிக்காரர், நல்ல வேலைக்காரர், அவசரம் ஒண்ணுதான் குறைன்னுட்டார். அவரையே கூப்பிடு, அவரே கண்ணால பார்க்கட்டும்னார்."

மின்னல் பையைத் துழாவினார். இந்தப் பைப்புக்கு மாட்டவும் ஒரு வளையம் வேண்டுமே!

வீட்டம்மா அலமாரியைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார். உள்ளே நாலு வளையம்.

"ஒண்ணு போதுமே மேடம்."

"மீதி மூணும் உங்களுக்குத்தான். கடையில கிடைக்கலையாம், இவரே எங்கெங்கேயோ அலைஞ்சு வாங்கிட்டு வந்து வெச்சுட்டுப் போனார். நாளைக்குக் காலையில முதல் வேலையா ஃபெயில் பண்ணின அந்த வீட்டுக்குத்தான் வராராம். அதுக்குள்ள மாட்டிடுவீங்கல்ல?"