நாய் தொரத்துற வண்டி

“பெரியம்மா, அந்தப் பொண்ணு மாமனாரை ஏமாத்துறா. என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

தையல்காரி மூச்சு வாங்க வந்து நின்னா. கழுத்துல அளவு டேப்பு தொங்குது. அவளுக்கு ஒரு விஷயம் தெரிஞ்சா, ஊசியில நூல் கோக்குறதுக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சுடும்.

“எந்தப் பொண்ணுடி?”

“உங்க பக்கத்து வீட்டுக்காரிதான். சலவை வேன் ஓட்டுறாளே, அவ. பெரியவர் உசுரைக் கொடுத்து டீசல் காச்சுறாரு. இவ என்னடான்னா, கேன் கேனா செங்கல் சூளைக்காரருக்குத் தூக்கிக் கொடுக்குறா. அப்புறம் நேரா பங்க்குக்குப் போயி டேங்க்கை ரொப்புறா!”

எனக்கே திக்குன்னுச்சு.

பெரியவர் வாழ்நாள் பூரா லாரி ஓட்டினவரு. மகன் போய்ச் சேந்தான். அப்புறம் இவருக்குக் கண்ணு மங்கி லைசென்சும் போச்சு. மகன் விட்டுட்டுப் போன வேனை மருமக எடுத்து ஓட்ட ஆரம்பிச்சா. ஆஸ்பத்திரித் துணி. அழுக்கை எடுத்துட்டு வந்து வெளுத்துத் திருப்பிக் கொடுக்கணும். இவர் என்னடான்னா செவுத்தைப் பாத்துட்டே உக்காந்திருப்பாரு. “நான் தண்டச்சோறு, தங்கச்சி”ன்னு என்கிட்டயே சொல்லியிருக்காரு. சாப்பாடு கொறைஞ்சு ஆளே பாதியாயிட்டாரு.

அப்பதான் யாரோ சொன்னாங்க, ஓட்டல்ல பொரிச்சு மிஞ்சுன எண்ணெயிலயே டீசல் பண்ணலாம்னு. மனுஷன் எழுந்துட்டாரு! ஓட்டல் ஓட்டலா அலைஞ்சு எண்ணெயைக் கொண்டாந்தாரு. பின்னாடி ஷெட்டுல அதைத் துணியில வடிகட்டி, சூடு பண்ணி, மருந்து கலந்து, கசடு அடியில தங்கினதும் மேல தெளிஞ்சதை எடுப்பாரு. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் ஒரு தடவை வீட்டுலயே பெயின்ட் பண்றேன்னு கெளம்பினாரு. பூனைதான் பச்சையாச்சு. அது கெடக்கட்டும்.

அந்த டீசல்ல வேன் முதல் தடவை ஓடினப்ப தெருவே சிரிச்சுது. புகையெல்லாம் பொரிச்ச வாசனை. தெருநாய் அத்தனையும் பின்னாடியே தொரத்துச்சு. பெரியவருக்கோ பெருமை தாங்கல.

“நாய் தொரத்துது பாத்தியா தங்கச்சி? அதான் நம்ம டீசலுக்கு சர்ட்டிபிகேட்!”

அன்னிலேருந்து தினமும் வாசல்ல நின்னு, நாய் குரைக்கிறதைக் கேட்டுட்டுத்தான் காபி டம்ளரையே கையில வாங்குவாரு.

“இப்பவே போயி அவர்கிட்டச் சொல்லிடுறேன்”னு தையல்காரி கெளம்பினா.

“இருடி. முதல்ல அவகிட்ட ஒரு வார்த்தை கேப்போம்.”

ரெண்டு பேரும் போனோம். அவ பெட்ஷீட் மடிச்சுட்டு இருந்தா. தையல்காரி கேட்ட கேள்விக்கு இல்லைன்னு சொல்லல.

“ஆமாக்கா, மாமா காச்சுற டீசலை வண்டியில ஊத்துறதில்ல. மழைக்காலத்துல எண்ணெயில தண்ணி சேந்துடுச்சு. மாமா கவனிக்கல. பாதி டீசல் சோப்பா கெட்டியாயி, குழாயை அடைச்சு, பாலத்து நடுவுல வண்டி நின்னுடுச்சு. உள்ள ஆபரேஷன் தியேட்டர் துணி. இன்னொரு தடவை லேட்டானா வேற ஆளைப் பாத்துக்குறோம்னு ஆஸ்பத்திரியில கறாரா சொல்லிட்டாங்க.”

“அப்ப சூளைக்காரர்கிட்ட வாங்குற காசு?”

“காசா? அவரு அடுப்பு எரிக்க சும்மா எடுத்துட்டுப் போறதே பெரிய உபகாரம்.”

“இதை உங்க மாமாகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?”

அவ கை நின்னுபோச்சு.

“சொன்னா மறுபடி செவுத்தைப் பாத்து உக்காந்துடுவாருக்கா. அவரையும் பறிகொடுக்க எனக்குத் தெம்பில்ல.”

தையல்காரி விடுவாளா?

“ஆனா நாய் இன்னும் தொரத்துதேடி!”

அவ தலையைக் குனிஞ்சுட்டா.

“காலையில ஒரு துணியில பழைய எண்ணெயைத் தொட்டு, பின்பக்கத்து பம்பர்ல தடவிட்டுத்தான் வண்டியையே எடுக்குறேன்.”

தையல்காரி வாயடைச்சுப் போனதை அன்னிக்குத்தான் பாத்தேன். வெளியே வர்றப்ப மெதுவா, “எண்ணெய் தடவ வெட்டுத் துணி நான் தரேன்”னு மட்டும் சொன்னா. அவகிட்டேருந்து தெருவுக்குப் போகாத ஒரே சேதி அதுதான்.

அப்புறம் ஒரு நாள் காலையில ஆஸ்பத்திரியிலேருந்து அவசரமா போன். அந்தப் பொண்ணு தலைகூடச் சீவல. மூட்டையை ஏத்திட்டு, சாவியை எடுக்க உள்ள ஓடினா.

நான் வாசலைக் கூட்டிட்டு இருந்தேன். பெரியவர் மெள்ள வேனுக்குப் பின்னாடி வந்தாரு. குனிஞ்சு பம்பரைத் தடவினாரு. விரலை மூக்குகிட்ட வெச்சு மோந்து பாத்தாரு. நெத்தி சுருங்கிச்சு. விறுவிறுன்னு ஷெட்டுக்குப் போயி ஒரு எண்ணெய்த் துணியோட வந்தாரு. இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் பம்பர்ல அழுத்தித் தடவினாரு.

நிமிந்தா, எதிர்ல நான்!

“அண்ணே… அப்ப உங்களுக்கு…?”

விரலை உதட்டுல வெச்சாரு. மீசையெல்லாம் எண்ணெய்.

“லாரிக்காரனுக்கு எஞ்சின் சத்தம் தெரியாதா தங்கச்சி? அவகிட்ட மூச்சு விட்டுடாத. பாவம், அவசரத்துல இன்னிக்குத் தடவ மறந்துட்டா.”