அளவுச் சட்டை

முதல் வெடி கேட்டதும் குழந்தை எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

இங்கே கேட்காது என்றுதான் பொள்ளாச்சியிலிருந்து இவ்வளவு தூரம் மலையேறி வந்தார்கள். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் ஒற்றை அறை. சுற்றிலும் பனி. ஆனால் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலும் பிள்ளைகள் இருந்தார்கள். பிள்ளைகள் இருந்தால் வெடியும் இருக்கும். அதைப் பெற்றவள் யோசிக்கவில்லை.

"இன்னிக்குத் தீவாளியாம்மா?"

அவள் போர்வையை இழுத்துக் குழந்தையை மூடினாள். தர்ணிகாவுக்கு நாலு வயது. நாலு வயதை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

இந்த வருஷம் எதுவும் கூடாது. நாத்தனார் கறாராகச் சொல்லியிருந்தாள். எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது. தலைக்கு எண்ணெய் கூடாது. புதுத்துணி கூடாது. வீட்டில் இருந்தால் அக்கம்பக்கத்தார் பலகாரத் தட்டோடு வருவார்கள். தட்டைக் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான், "எங்காச்சும் போயிரலாம்" என்று கணவன் பூபதி சொன்னபோது சரி என்றாள்.

ஆவணியில் முகில் போனான். மூத்தவன். ஏழு வயது. காய்ச்சல் என்று கூட்டிப்போன பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

மண்ணைத் தள்ளிவிட்டு வந்த நாளிலிருந்து பூபதி மகன் பெயரைச் சொன்னதில்லை. ஒருமுறைகூட.

கடைக்குப் போனான். வந்தான். வைத்ததைச் சாப்பிட்டான். அவள் அழ ஆரம்பித்தால் எழுந்து வெளியே போனான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். நீலச் சட்டையைத்தான் பொறுக்க முடியவில்லை.

முகில் கடைசியாகப் போட்டுக் கழற்றிய சட்டை. வாசம் போய்விடும் என்று துவைக்காமல் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். புரட்டாசியில் ஒரு நாள் பார்த்தால் இல்லை. ஆடித் தள்ளுபடியில் அப்பனுக்கும் பிள்ளைகளுக்குமாக அவள் எடுத்துவைத்திருந்த பச்சைக் கட்டம் போட்ட துணியும் இல்லை.

தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டான்.

அவள் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது. அன்றோடு அவன்மேல் இருந்த பிரியம் விட்டுப்போனது. இந்த விடுமுறை முடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக இருந்தாள். திரும்பி வருகிற எண்ணம் இல்லை. அதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

மறுபடியும் ஒரு வெடி. மலையில் மோதித் திரும்பி வந்தது.

"அண்ணனுக்கு அங்க ஆரும்மா எண்ணெய் வெச்சு உடுவாங்க?"

அவள் குழந்தையின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

ஜன்னலருகே நின்றிருந்த பூபதி திரும்பவில்லை.

"சுடுதண்ணி கேட்டுட்டு வாரேன்."

ஓடிவிட்டான், பார். குழந்தைக்குப் பதில் சொல்லக்கூட ஆகாமல் ஓடிவிட்டான்.

அவன் வர நேரமாயிற்று. இடது கையில் வாளி. வலது கையை எதிலும் படாமல் தள்ளிப் பிடித்திருந்தான். விரல் நுனியில் மஞ்சள். விடுதிச் சமையல்கட்டில் எதையோ தொட்டிருப்பான் என்று நினைத்தாள்.

குழந்தையைக் குளிக்கவைத்தாள். எண்ணெய் இல்லை, சீயக்காய் இல்லை. மற்ற நாளைப்போல் ஒரு குளியல். தர்ணிகா அடம்பிடிக்கவில்லை. அடம்பிடித்திருந்தால் தேவலை.

துவட்டி, பழைய கவுனை மாட்டிவிட்டாள்.

"அப்பாகிட்டப் போ சாமி. சொட்டர் எடுத்துட்டு வாரேன்."

ஸ்வெட்டர் அவளுடைய பையில் இல்லை. அவன் பையைத் திறந்தாள்.

மேலாகவே இருந்தது.

பச்சைக் கட்டம். சின்னச் சட்டை. மடிப்புக் கலையாதது.

பிரித்தாள். உள்ளே நீலச் சட்டை.

அளவுக்கு வாங்கிக்கொண்ட பழைய சட்டையைப் புதுச் சட்டைக்குள் வைத்துத்தான் அவர்களுடைய தையல்காரர் திருப்பித் தருவார்.

பூபதி தனக்கும் தர்ணிகாவுக்கும் எதுவும் தைத்திருக்கவில்லை. பையைக் கிளறிப் பார்த்தாள். இது ஒன்றுதான்.

இரண்டு சட்டைகளையும் கட்டிலில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தாள். புதியது இரண்டு விரற்கடை நீளம். கையும் நீளம்.

வளர்ற பையன், தாராளமா உட்டுத் தைங்க. வருஷா வருஷம் தையல்காரரிடம் அவள் சொல்கிற பேச்சு. இந்த வருஷம் அதை அவன் போய்ச் சொல்லியிருக்கிறான்.

கழுத்துப்பட்டையின் ஓரத்தில் மஞ்சள் இருந்தது. தொட்டுப் பார்த்தாள். ஈரம் காயவில்லை.

மஞ்சள் வைக்காமல் அவர்கள் வீட்டில் யாரும் புதுத்துணி உடுத்தியதில்லை. வைப்பது எப்போதும் அவள்தான். அவனுக்கு வைக்கத் தெரியவில்லை. துணியில் பரவியிருந்தது.

வாசலைப் பார்த்தாள். படியில் அவன் முதுகு தெரிந்தது. குழந்தை மடியில் இருந்தாள். இரண்டு உள்ளங்கைகளாலும் அவள் காதுகளைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெடிச்சத்தம் நின்று வெகுநேரமாகியிருந்தது.

அவளுக்கு அவனைக் கூப்பிட வேண்டும்போல இருந்தது. கூப்பிட்டால் அழுதுவிடுவான்.

பச்சைச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டாள். கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டு வந்தாள்.

கழுத்துப் பொத்தானை மட்டும் போடாமல் விட்டாள்.

முகிலுக்குக் கழுத்தை இறுக்கினால் பிடிக்காது.