கதவருகே தொங்கிய பாட்டில்

கிளாவா அந்தக் கண்ணாடி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் குலுக்கினாள். உள்ளே தண்ணீர் சளக் சளக்கென்று ஆடியது. மருந்துக்குக்கூட ஐஸ் இல்லை.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். பீர் வண்டியின் கதவுக்கு உட்புறம், குளிர் முதலில் நுழைகிற இடத்தில், அதைத் தொங்கவிடச் சொன்னதே அவள்தான். பீர் உறைவதற்கு முன்னால் தண்ணீர் உறைந்துவிடும். தண்ணீர் தண்ணீராகவே வந்து சேர்ந்தால் பீரும் பிழைத்தது என்று அர்த்தம்.

ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

"காலைல உறைஞ்ச ஏரி மேல வண்டி ரொம்ப நேரம் நின்னுச்சாமே, தம்தின்? மீன் பிடிக்கப் போனவங்க பாத்திருக்காங்க."

"டயர் மாத்துனேன்க்கா. ஹீட்டர் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு," என்றான் டிரைவர்.

"போன வருஷம் வந்தவனும் இதையேதான் சொன்னான்."

போன வருஷம் வந்தவன் டீசலை மிச்சம் பிடிக்க ஹீட்டரை அணைத்துவிட்டு, ஊருக்குள் நுழையும்போது போட்டுக்கொண்டு வந்தவன். உறைந்து உருகிய பீரில் அடியெல்லாம் திப்பி. கிளாவா கடையில் பீர் வாங்கினால் கூடவே ஒரு ஸ்பூனும் வாங்கணும் என்று ஊரே கிண்டல் செய்தது. அவனை அவள் விரட்டிய பிறகு பைக்கால் ஏரிக் கரையில் ஒரு கடைக்காரரும் அவனுக்குச் சரக்கு ஏற்றும் வேலை கொடுக்கவில்லை. தம்தினுக்கு அது நன்றாகவே தெரியும். மைனஸ் இருபது குளிரிலும் கையுறையைக் கழற்றிவிட்டு, பெட்டிகள்மேல் கட்டியிருந்த போர்வைக் கயிற்றை அவிழ்த்தான்.

கிளாவாவின் புருஷன் தீஹன் அதற்குள் ஓடி வந்தான். வந்தவன் பீர்ப் பெட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாட்டிலுக்குக் கை நீட்டினான்.

"குடு கிளாவா. அதைக் கொட்டிட்டு வேற தண்ணி புடிச்சு வைக்கறேன்."

குடியை விட்டதிலிருந்து அவன் அப்படித்தான், எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறான். அந்தப் பாட்டிலை நிரப்பிக் கடையின் பின்னறை அலமாரியில் தயாராக வைப்பதும் அவன் பொறுப்புதான். இந்தத் தடவை சரக்கெடுக்கப் போகிற வண்டி பாட்டிலை வாங்கிக்கொள்ளச் சீக்கிரமே வந்துவிட, அவன் மீன் பிடிக்கப் போயிருந்ததால், கிளாவாவே அதை எடுத்து மூடிமேல் சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டு அனுப்பியிருந்தாள்.

"சாட்சியைத் தொடாத," என்று அவன் கையைத் தட்டிவிட்டு, பாட்டிலை வாசற்படியில் வைத்தாள். தம்தினை உள்ளே கூப்பிடவில்லை. வெளியிலேயே அவள் கொடுத்த டீயை அவனும் அதே படியில் வைத்துவிட்டு, குடிக்க நேரமில்லாமல் சரக்கு இறக்கத் தொடங்கினான்.

சந்தேகம் கிளாவாவின் கூடவே பிறந்தது. புருஷனின் கோட்டுப் பையிலிருந்து விறகு அடுக்குவரை இன்னமும் தினம் ஒரு முறை துழாவிவிட்டுத்தான் தூங்கப் போவாள். இப்போதும் ஒவ்வொரு பெட்டியாகப் போர்வையை விலக்கிப் பார்த்தாள். சுவரை ஒட்டியிருந்த பெட்டியிலிருந்து ஒரு பீரை எடுத்துத் திறந்தாள். திப்பி இல்லை, நுரை நுரையாக நின்றது. குடித்தும் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தீஹன் படியைச் சுற்றிச் சுற்றி வந்தான். பனியைக் கூட்டுகிறேன் என்றான். பாட்டில் தடுக்குகிறது, நகர்த்தட்டுமா என்றான். டிரைவர்மேல் இரக்கப்பட்டு அவனைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்று நினைத்து கிளாவா ஒரு முறை முறைத்தாள். அவன் விறகு அடுக்கின் பக்கம் ஒதுங்கிப் போய் நின்றான்.

கடைசிப் பெட்டி இறங்கியபோதுதான் அவள் கண் டீயின்மேல் விழுந்தது. தட்டினால் டொக்கென்று சத்தம் வந்தது. பக்கத்திலிருந்த பாட்டிலை எடுத்துக் குலுக்கினாள். சளக் சளக்.

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"சுடச் சுடக் குடுத்த டீயே கல்லாப் போச்சு. இது மட்டும் எப்படிப்பா ஆடுது? உறையாத எதையோ ஊத்தி வச்சு என்னை முட்டாளாக்கப் பாக்கற."

வண்டி, பிழைப்பு, ஊரில் இருக்கிற பெயர் எல்லாம் அந்த ஒரு பாட்டிலோடு போகப்போகிறது என்று தம்தினுக்குப் புரிந்தது. அவன் சத்தியம் செய்யவில்லை, சண்டை போடவில்லை. மூடியைக் காட்டி ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"முடிச்சைப் பாருங்கக்கா. அது உங்க முடிச்சுதானே?"

பார்த்தாள். சிவப்பு நூல், மூன்று சுற்று, இடது பக்கம் இழுத்த முடிச்சு. அவள் கையால் போட்டது போட்டபடியே இருந்தது.

கிளாவா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மூடியைத் திருகி மூக்கருகே கொண்டுபோனாள். தண்ணீருக்கு இல்லாத, அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நெடி குப்பென்று ஏறியது. பிறகு மெதுவாக மூடியைப் போட்டுவிட்டு, தம்தினின் தோளைத் தட்டி, உள்ளே போய் அடுப்புப் பக்கத்தில் உட்காரும்படியும் வேறு டீ தருவதாகவும் சொன்னாள். அப்படியே விறகு அடுக்கின் பக்கம் திரும்பினாள்.

"தீஹன், கிட்ட வந்து ஊது."